லட்சுமி ரோட்டில் ஒரு தாய்வீடு
புனே சேவா சதனும் நம் மகளிர் அணியும்

தீபாவளி நெருங்கிவிட்டால் கசார்வாடி ஸ்டேஷனில் லோக்கல் பிடித்து, சிவாஜி நகரில் இறங்கி, லட்சுமி ரோட்டுக்குப் புடவை எடுக்கப் போவது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். இப்போது மெட்ரோவும் வந்துவிட்டதால் பயணம் இன்னும் சுலபம். புடவைக் கடைகளையும் நகைக் கடைகளையும் பார்த்தபடி நடக்கும் நம்மில் எத்தனை பேர், அதே தெருவில் உள்ள சேவா சதனைக் கவனித்திருப்போம்? ஏதோ ஒரு மராத்திப் பள்ளிக்கூடம் என்றுதான் பலரும் நினைத்திருப்போம். பெண்களுக்குப் படிப்பு, கைத்தொழில், கூடிப் பேச ஓர் இடம் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த ஸ்தாபனம் அது. நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

நம் சங்கத்தில் மகளிர் அணி என்று ஒன்று இருக்கிறது. பொங்கலுக்குக் கோலப் போட்டி, நவராத்திரிக்குக் கொலு, ஆண்டு விழாவுக்குக் குழந்தைகளின் நடனம் என்று நம் சகோதரிகள் ஓடியாடி உழைக்கிறார்கள். இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் பெண்களுக்கான சங்கம் இதோடு நின்றுவிடலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. நாம் பிழைக்க வந்த இந்தப் புனே நகரமே பதில் சொல்லும்.

பதினோரு வயது மணப்பெண்

சேவா சதனின் கதை ரமாபாய் ரானடேயின் கதையோடு பின்னியது. 2012-ல் ஜீ மராத்தியில் ஒளிபரப்பான 'உஞ்ச் மாஜா ஜோகா' தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த அம்மையாரை நன்றாகத் தெரிந்திருக்கும். நம் வீட்டுப் பெண்கள் பலர் மராத்தி பழகியதே இப்படிப்பட்ட தொடர்களைப் பார்த்துத்தானே!

ரமாபாய் 1862-ல் இன்றைய சாங்லி மாவட்டத்தில் உள்ள தேவ்ராஷ்ட்ரே என்ற ஊரில் பிறந்தவர். 1873-ல், தமது பதினோராவது வயதில், மகாதேவ் கோவிந்த ரானடேயை மணந்தார். கணவருக்கு அப்போது வயது 31. முதல் மனைவியை இழந்தவர், நீதிபதி, சீர்திருத்தவாதி. விதவைத் திருமணத்தை ஆதரித்தவர் தாமே ஒரு சிறுமியை மணந்ததை அவருடைய நண்பர்களே குறை கூறினார்கள். தந்தையின் கட்டாயத்துக்கு அவர் பணிந்துவிட்டார்.

எழுத்தறியாமல் வந்த அந்தச் சிறுமிக்குக் கணவரே ஆசிரியரானார். முதலில் மராத்தி, பிறகு ஆங்கிலம். வீட்டில் இருந்த மூத்த பெண்மணிகளுக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. 'அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு' என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே பாட்டுதான் இங்கே மராத்தியில். ஏச்சையும் குத்தலையும் பொறுத்துக்கொண்டுதான் ரமாபாய் படித்தார். 1910-ல் அவர் எழுதி வெளிவந்த வாழ்க்கை நினைவுகள் நூலில் இவற்றையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கோபத்தைவிடப் பொறுமையே அதில் அதிகம் தெரிகிறது. மராத்தியில் பெண்கள் எழுதிய சுயசரிதைகளில் முன்வரிசையில் வைக்கப்படும் நூல் அது.

1882-ல் பண்டித ரமாபாய் சரஸ்வதி புனேவுக்கு வந்தார். சமஸ்கிருதம் கற்றுப் 'பண்டிதை' பட்டம் பெற்றவர். பெண்களுக்காக 'ஆர்ய மகிளா சமாஜம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் கூட்டங்களுக்கு ரமாபாய் ரானடேயும் போனார். வீட்டுக்கு வெளியே பெண்கள் கூடி உட்கார்ந்து பேசுவதே புதுமையாக இருந்த காலம் அது.

1893-ல் ரானடே பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியானதும் குடும்பம் பம்பாய்க்குப் போனது. அங்கே ரமாபாய் பெண்களுக்கென ஒரு சங்கம் நடத்தி, மொழி, தையல், முதலுதவி போன்றவற்றுக்கு வகுப்புகள் ஏற்படுத்தினார். 1901 ஜனவரியில் ரானடே காலமானார். கணவரை இழந்த ரமாபாய் புனே திரும்பினார். அன்றைய வழக்கப்படி வீட்டின் ஒரு மூலையில் முடங்கிக் கிடந்திருக்க வேண்டியவர். சில காலம் அப்படி ஒதுங்கியும் இருந்தார். பிறகு எரவாடா சிறைக்குச் சென்று பெண் கைதிகளைச் சந்தித்துப் பேசத் தொடங்கினார். 1904-ல் பம்பாயில் கூடிய பாரத மகிளா பரிஷத்துக்குத் தலைமை தாங்கினார்.

1909 அக்டோபர் 2

பம்பாயில் 1908-ல் பெஹ்ராம்ஜி மலபாரி, தயாராம் கிடுமல் ஆகிய இரு பெரியவர்கள் சேவா சதனைத் தொடங்கி, ரமாபாயைத் தலைவராக்கினார்கள். அடுத்த ஆண்டு, 1909 அக்டோபர் 2 அன்று, புனேயில் சேவா சதன் தொடங்கியது. இடம்? ரானடே குடும்பத்தின் பழைய வாடாதான். வாடா என்றால் நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய மராத்திக்காரர்களின் பழைய வீடு என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். நம் ஊர்த் தொட்டிக்கட்டு வீடு போல.

ரமாபாய்க்குத் துணை நின்றவர் கோபால கிருஷ்ண தேவதர். கோகலே 1905-ல் புனேயில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர். தெற்கே நமக்கும் அவர் அந்நியர் அல்லர். 1921-ல் மலபாரில் மாப்பிளைக் கிளர்ச்சியால் குடும்பங்கள் சிதறியபோது நிவாரண வேலைக்கு ஓடிவந்தவர் இவர். கணக்கு, நன்கொடை, நிர்வாகம் எல்லாம் தேவதர் பார்த்துக்கொள்ள, வீடு வீடாகச் சென்று பெண்களை அழைத்து வரும் வேலையை ரமாபாய் எடுத்துக்கொண்டார். சங்கம் நடத்துகிறவர்களுக்கு இந்த வேலைப் பிரிவினை ஒரு நல்ல பாடம். அறிக்கை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பெண்கள் வந்துவிட மாட்டார்கள். ஒருவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மாமியாரிடமும் கணவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

முதலில் எழுதப் படிக்கவும் தையலும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஆசிரியைப் பயிற்சி, நர்ஸ் பயிற்சி, பிரசவம் பார்க்கும் பயிற்சி, பின்னல், பூவேலை, சங்கீதம் என்று வளர்ந்தது. வெளியூர்ப் பெண்கள் தங்கிப் படிக்க விடுதியும் ஏற்பட்டது. விதவைகளுக்கு மட்டுமான இடமாக அது இருக்கவில்லை. கணவரோடு வாழும் இல்லத்தரசிகளும் மத்தியான வேளையில் வந்து படித்துவிட்டு, அடுப்பு மூட்டும் நேரத்துக்கு வீடு திரும்பினார்கள். வீட்டு வேலை ஓயும் நேரத்தைப் பார்த்து வகுப்பு வைத்ததுதான் அதன் வெற்றியின் ரகசியம் என்றால் மிகையாகாது.

நம் வீட்டுப் பெண் நர்ஸா?

மிகப் பெரிய எதிர்ப்பு எழுந்தது நர்ஸ் பயிற்சிக்குத்தான். புனே ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள சாசூன் மருத்துவமனையை நாம் அனைவரும் அறிவோம். 1911 வாக்கில் சேவா சதன் தன் மாணவிகளை அங்கே பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கியது. அந்நிய ஆண்களைத் தொடுவதா? யார் யாரோ கொடுப்பதை வாங்குவதா? நல்ல குடும்பத்துப் பெண் செய்கிற வேலையா இது? ஊர் முழுக்க இதே பேச்சு. கேலிக்கும் குறைவில்லை.

ரமாபாய் பின்வாங்கவில்லை. நோயாளிப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்கி வீட்டிலேயே மடிந்ததும், பிரசவத்தில் உயிர்கள் போனதும் அன்று எல்லா வீடுகளிலும் நடந்தவைதாம். ஒரு பக்கம் இந்தத் தேவை. இன்னொரு பக்கம், பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பாரமாகக் கருதப்பட்ட இளம் விதவைகள். இரண்டையும் இணைத்தால் இருவருக்கும் வாழ்வு என்பது அவர் கணக்கு. சம்பளம் வாங்கத் தொடங்கிய பெண்ணுக்கு வீட்டில் மரியாதை வந்தது. அடுத்த வீட்டார் தங்கள் பெண்ணையும் அனுப்பினார்கள்.

இன்று வெளிநாடுகளில் நர்ஸாகப் பணிபுரியும் பெண்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பெருமைக்கு ஒரு விலை இருந்தது. அதைச் செலுத்தியவர்கள் முதலில் அந்த வார்டுக்குள் நுழைந்த பெண்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

1924-ல் ரமாபாய் மறைந்தார். பெண் குழந்தைகளுக்கும் கட்டாயத் தொடக்கக் கல்வி வேண்டும் என்று புனே நகராட்சியோடு போராடியதும், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டதும் அவருடைய கடைசி ஆண்டுகளின் பணிகள். 1962-ல், அவர் பிறந்த நூற்றாண்டில், மத்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஹிங்ணே குடிசை

இதே நகரத்தில் இன்னொரு வழியில் நடந்தவர் தோண்டோ கேசவ கர்வே. ஃபெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியர். மனைவியை இழந்த பின், 1893-ல் கோதுபாய் என்ற விதவையை மணந்தார். பண்டித ரமாபாய் நடத்திய சாரதா சதனில் படித்த பெண் அவர். ஊர் அவர்களை ஒதுக்கி வைத்தது. 1896-ல் விதவைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கி, 1900-ல் ஊருக்கு வெளியே ஹிங்ணே என்ற கிராமத்தில் ஒரு குடிசை போட்டார். பகலில் கல்லூரிப் பாடம் முடித்து, மாலையில் சேற்றிலும் புழுதியிலும் நடந்தே ஹிங்ணே போய், அங்கே உள்ள பெண்களுக்குப் பாடம் சொல்வார். அந்த இடம்தான் இன்றைய கர்வே நகர். 1916-ல் அவர் தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகம், தாக்கர்ஸி குடும்பத்தின் 15 லட்சம் ரூபாய் நன்கொடைக்குப் பிறகு எஸ்.என்.டி.டி. என்ற பெயர் பெற்றது. 1958-ல், நூறு வயதில், கர்வேக்குப் பாரத ரத்னா கிடைத்தது.

கர்வேயை எல்லோரும் அறிவார்கள். அவருடைய மைத்துனி பார்வதிபாய் ஆதவலேயை அவ்வளவாக அறிய மாட்டார்கள். இளம் வயதில் விதவையாகி, கையில் ஒரு குழந்தையோடு ஹிங்ணேக்கு வந்தவர். பெரிய வயதில்தான் எழுத்துக் கற்றார். பிறகு அந்த இல்லத்துக்காக ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். ஆங்கிலம் தெரிந்தால் இன்னும் திரட்டலாமே என்று 1918-ல் அமெரிக்காவுக்கே கப்பல் ஏறினார்! அங்கே வீட்டு வேலை செய்து பிழைத்தார். பாத்திரம் தேய்ப்பதையும் துணி துவைப்பதையும் இழிவாக நினைக்கவில்லை. 1920-ல் திரும்பி வந்து, தம் கதையைத் தாமே எழுதினார். தெரியாத மொழி பேசும் ஊரில் ஒரு பெண் தனியே நின்று சமாளிப்பது என்றால் என்ன என்பது, மராத்தி தெரியாமல் இங்கே வந்து இறங்கிய நம் சகோதரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

சென்னையிலும் அதே பாதை

இது புனேக்கு மட்டும் உரிய கதை என்று எண்ண வேண்டாம். அதே காலத்தில் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இருந்தார். 1886-ல் பிறந்தவர், குழந்தைப் பருவத்திலேயே விதவையானவர். 1911-ல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே சாரதா மாதர் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நடத்திய இளம் விதவைகள் இல்லம் பிறகு கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அங்கே படித்தவர்கள் ஆசிரியைகளாகத் தமிழ்நாடெங்கும் போனார்கள். நம் பாட்டிமாருக்குப் பாடம் சொன்ன 'டீச்சரம்மா' அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

1928-ல் சென்னையிலும் ஒரு சேவா சதன் எழுந்தது. நீதிபதி சர் எம். வெங்கடசுப்பா ராவும் அவர் துணைவியார் லேடி ஆண்டாளும் நிறுவியது அது. சேத்துப்பட்டில் உள்ள லேடி ஆண்டாள் பள்ளியின் பெயர் நம்மில் பலருக்குப் பழக்கம். 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

நம் சங்கத்தார் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஆந்திர மகிளா சபாவை. 1937-ல் துர்காபாய் என்ற இளம்பெண் சென்னையில் தொடங்கியது இது. சென்னையில் தெலுங்கு பேசும் பெண்கள், புனேயில் தமிழ் பேசும் நம்மைப் போலத்தான்! மொழிச் சிறுபான்மையினரின் மகளிர் சங்கம். அங்கே என்ன செய்தார்கள்? பள்ளிப் படிப்பை விட்டுவிட்ட பெண்களைத் திரட்டி, பனாரஸ் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வுக்குத் தயார் செய்தார்கள். கைத்தொழில் கற்பித்தார்கள். அச்சங்கம் வளர்ந்து மருத்துவமனைகளும் கல்லூரிகளும் நடத்தும் அளவுக்கு உயர்ந்தது. 1953-ல் துர்காபாய், மத்திய நிதியமைச்சராக இருந்த சி.டி. தேஷ்முக்கை மணந்து, மராட்டிய வீட்டு மருமகளானார். அதே ஆண்டு அமைந்த மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். படிப்பை இடையில் விட்ட பெண்களுக்கான சுருக்கப் படிப்புத் திட்டத்தை 1958-ல் அந்த வாரியம் நாடு முழுவதும் கொண்டுவந்தது. மயிலாப்பூரில் ஒரு மொழிச் சங்கத்தில் செய்து பார்த்தது தேசத் திட்டமானது!

யார் வரவில்லை?

பாராட்டை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டால் அது முழு உண்மையாகாது. சேவா சதனும் ஹிங்ணே இல்லமும் தொடக்கத்தில் பெரும்பாலும் மேல்சாதிக் குடும்பத்துப் பெண்களுக்கே பயன்பட்டன. அவற்றுக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1848-ல், ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் இதே புனேயில் பிடே வாடாவில் பெண்கள் பள்ளி தொடங்கியிருந்தார்கள். வாசலில் எல்லாச் சாதிக் குழந்தைகளையும் நிறுத்திப் பார்த்தவர்கள் அவர்கள். பின்னால் வந்த பெரிய ஸ்தாபனங்கள் அந்த அகலத்தை எட்ட நெடுங்காலம் ஆயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கர்வே நட்ட மரத்தின் கிளையே எதிர்பாராத பக்கம் நீண்டது. 1990-களின் தொடக்கத்தில் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தின் வயது வந்தோர் கல்வித் துறையினர், தெருவில் காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கும் பெண்களிடம் போனார்கள். 'உங்களுக்கு எழுத்துக் கற்றுத் தருகிறோம்' என்று போனவர்களுக்கு, அந்தப் பெண்களின் முதல் தேவை வேறு என்பது புரிந்தது. போலீஸாரும் கடைக்காரர்களும் திருடி என்று விரட்டாமல் இருக்க ஓர் அடையாள அட்டை வேண்டும். பொறுக்கிய பொருளுக்கு நியாயமான எடையும் விலையும் வேண்டும். 1993-ல் பாபா ஆடாவ் தலைமையில் கூடிய மாநாட்டில் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற தொழிற்சங்கம் பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் சங்கம். அதிலிருந்து 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு உருவாகி, புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் வேலையை உரிமையோடு எடுத்துக்கொண்டது.

படிப்பு சொல்லித் தரப் போனவர்கள், வந்தவர்களின் தேவையைக் கேட்டுத் தங்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். நம் பொங்கல் விழாவுக்கு யார் வருகிறார்கள்? கம்பெனி உத்தியோகஸ்தர் குடும்பங்கள், ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கடை வைத்திருப்பவர்கள், இப்போது கணினித் துறையில் வந்திருக்கும் இளைஞர்கள். சரி, யார் வரவில்லை? கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண்கள் வரவில்லை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஐந்தாவது வீட்டுக்கு ஓடும் நம் ஊர் அக்காக்கள் வரவில்லை. அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே தாய்மொழிதான். சந்தா கட்ட முடியாது என்பதற்காக அவர்கள் நமக்கு அந்நியராகிவிடலாமா?

பண்பாடும் பிழைப்பும்

'சங்கத்தின் வேலை பண்பாட்டைக் காப்பது. தொழில் கற்றுத் தருவது அரசாங்கத்தின் வேலை' என்று சிலர் சொல்வதுண்டு. இரண்டையும் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதற்கு நீலகிரியின் தோடர் பெண்களே சாட்சி. வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமாக அவர்கள் போடும் பூவேலையைப் பலர் ஊட்டியில் பார்த்திருப்பீர்கள். மாதிரி வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி ஓடும். அவர்கள் போர்த்திக்கொள்ளும் மரபான துணியில் தாயிடமிருந்து மகள் கற்ற கலை அது. காலப்போக்கில் அதே பூவேலை சால்வையிலும் பையிலும் மேசை விரிப்பிலும் ஏறி, வருமானம் தரும் தொழிலாயிற்று. 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் பழங்குடிப் பெண்களுக்கும் இப்படி ஒரு கலை உண்டு. முள்ளம்பன்றி முட்களுக்குச் சாயமேற்றிப் பூர்ஜ மரப்பட்டையில் கோத்து அழகான பெட்டிகள் செய்வார்கள். மரபும் போகவில்லை, கையில் காசும் வந்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? இட்லி மாவில் தொடங்கி முறுக்கு, அதிரசம், வற்றல், வடகம், சாம்பார்ப் பொடி வரை இருக்கிறது. பூக்கட்டுவது, கோலம், பாட்டு, பரதம், தமிழ் வகுப்பு எல்லாம் இருக்கின்றன. மல்லிகைச் சரத்தை நெருக்கமாகக் கட்ட நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இவற்றுக்கு இந்த ஊரில் வாங்குவோர் உண்டு என்பது, தெருமுனை இட்லிக் கடைகளில் மராத்திக்காரர்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

பக்கத்திலேயே பாருங்கள்

பம்பாய் கிர்காவ்ம் பகுதியில் 1959-ல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். மாவை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இட்டு, மறுநாள் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கலாம் என்ற ஏற்பாடுதான் அதை வளர்த்தது. அங்கே உழைக்கும் பெண்கள் எல்லோரும் பங்குதாரர்கள்.

நம் பிம்ப்ரியில் டெல்கோ என்ற பெயரில் இருந்த டாடா மோட்டார்ஸ் ஊழியர்களின் வீட்டுப் பெண்களுக்காக 1973-ல் க்ருஹிணி சமூக நலச் சங்கம் தொடங்கியது. மசாலாப் பொடி, தையல் என்று தொடங்கி, வண்டிகளுக்கு வேண்டிய வயரிங் கட்டுகள் செய்வது வரை போனார்கள். கரண்டி பிடித்த கைதானே என்று யாரும் நினைக்க முடியாதபடி தொழிற்சாலைத் தரத்துக்கு வேலை செய்து காட்டினார்கள்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஓவர்டைம், போனஸ் என்று செழித்த காலம் எப்போதும் நீடிக்கவில்லை. ஆகுர்டியில் பஜாஜ் தொழிற்சாலை 2007-ல் வண்டி உற்பத்தியை நிறுத்தியபோது எத்தனை வீடுகளில் கவலை புகுந்தது! விருப்ப ஓய்வுப் பணம் கரைந்த பின், வீட்டுக்காரம்மாவின் தையல் மெஷினே குடும்பத்தைத் தாங்கிய கதைகள் இந்தப் பகுதியில் எல்லா மொழிக்காரர் வீட்டிலும் உண்டு. கணவரை இழந்து, பென்ஷன் காகிதத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்றுகூடத் தெரியாமல் கலங்கி நின்ற சகோதரிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாள் வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

நாம் செய்யக் கூடியவை

பெரிய கட்டடமோ லட்ச ரூபாய் நன்கொடையோ கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ரமாபாய் தம் வீட்டில்தான் தொடங்கினார். மகளிர் அணி யோசிக்கச் சில எண்ணங்களைக் கீழே தருகிறேன்.

முதலாவது, மொழி. வாரம் இரண்டு மத்தியானம், இரண்டிலிருந்து நான்கு மணி வரை, பேச்சு மராத்தி வகுப்பு. ரேஷன் கடை, வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகிய நான்கு இடங்களில் பேசத் தெரிந்தால் போதும். மீதி தானே வரும். மராத்தி நன்றாகப் பேசும் நம் பிள்ளைகளே ஆசிரியர்களாகலாம்.

இரண்டாவது, சேமிப்புக் குழு. இங்கே 'பசத் கட்' என்பதும் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு என்பதும் ஒன்றே. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் வேர்விட்ட முயற்சி இது. 1992-ல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. பத்திலிருந்து இருபது பெண்கள், மாதம் ஒரு சிறு தொகை, ஒரு வங்கிக் கணக்கு, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் குழு தயார். வட்டிக்காரரிடம் போகாமல் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் சமாளிக்கலாம். சிறு துளி பெரு வெள்ளம் அல்லவா? கணக்கைத் தலைவி மட்டும் வைத்துக்கொள்ளாமல், கூட்டம்தோறும் எல்லோர் முன்னும் படிக்க வேண்டும். பல குழுக்கள் உடைவது இந்த ஒரு காரணத்தால்தான்.

மூன்றாவது, விட்ட படிப்பு. எட்டாவதோடு, பத்தாவதோடு நின்றுவிட்ட சகோதரிகள் திறந்தநிலைப் பள்ளி மூலம் தேர்வு எழுதலாம். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குவோம்.

நான்காவது, கைத்தொழில். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி மோர்வாடியில் ஐ.டி.ஐ. நடத்துகிறது. மகாராஷ்டிர அரசு 1975-ல் மகளிர் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தை நிறுவியது. பெண்களுக்கான பயிற்சி அறிவிப்புகள் மராத்தியில் வருவதால் நம்மவர் கண்ணில் படுவதில்லை. அவற்றைப் படித்துத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் பொறுப்பேற்றாலே பாதி வேலை முடிந்தது. வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற வேண்டும். விண்ணப்பம் நிரப்பக் கல்லூரிப் பிள்ளைகள் உதவட்டும்.

ஐந்தாவது, மேலே கேட்ட கேள்வி. அடுத்த விழாவுக்கு முன், மகளிர் அணியிலிருந்து இருவர் இருவராகப் புறப்பட்டு, இதுவரை வராத வீடுகளுக்குப் போவோம். நன்கொடை ரசீதுப் புத்தகத்தை அன்றைக்கு எடுத்துப் போக வேண்டாம். 'உங்களுக்கு என்ன வேண்டும் அக்கா?' என்று மட்டும் கேட்டுவிட்டு வருவோம். ஒருவர் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்பார். ஒருவர் ஆதார் அட்டையில் பெயர் தப்பாக இருக்கிறது என்பார். இன்னொருவர் குடிகாரக் கணவரைப் பற்றிச் சொல்லி அழலாம். எல்லாவற்றுக்கும் நம்மிடம் தீர்வு இருக்காது. ஆனால் எங்கே போனால் தீரும் என்று சொல்லக் கூடியவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

கோலப் போட்டியும் கொலுவும் வழக்கம்போல் நடக்கட்டும். பரிசாக எவர்சில்வர் டப்பா கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஆண்டுக்கு ஒரு சகோதரிக்காவது தையல் பயிற்சிக் கட்டணம் கட்டலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். மத்தியான வகுப்புக்குத் தம் வீட்டுக் கூடத்தைத் தரக்கூடிய சகோதரிகள் மகளிர் அணியிடம் பெயர் கொடுக்கலாம். நாலு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்.